நாரோட்டத்தின் சொல் கேட்டு: ஆப்பிரிக்க மரபைத் தழுவி ஒரு மரப்பறவை செதுக்கும் முறை

மரச்சிற்பத்தில் புதிதாகக் கைவைக்கும் பலர், மனத்தில் ஓர் உருவத்தை முடிவு செய்துகொண்டு அதை மரத்தின்மேல் திணிக்கத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அலகை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பறவையை மூன்று வாரம் பாடுபட்டுச் செதுக்கி, கடைசியில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அலகு சத்தமில்லாமல் ஒடிந்து மடியில் விழுந்தது. கட்டையில் நார்கள் மேலிருந்து கீழாக ஓட, நான் அலகைக் குறுக்காக நீட்டியிருந்தேன். விரலளவு நீளமே உள்ள துண்டு நார்கள் அந்த அலகை எத்தனை நாள் தாங்கும்?

பிறகுதான் செனுஃபோ மக்களின் இருவாட்சிப் பறவைச் சிலைகளை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கோத் திவுவாரின் (ஐவரி கோஸ்ட்) வடபகுதியிலும் அதை ஒட்டிய மாலி, புர்கினா ஃபாஸோ பகுதிகளிலும் வாழும் இம்மக்களின் சிலையில், இருவாட்சியின் நீண்ட அலகு தலையிலிருந்து வளைந்து கீழிறங்கி, பருத்த வயிற்றைத் தொட்டு நிற்கும். அலகும் வயிறும் சேருமிடம் வம்சம் தழைப்பதன் அடையாளம் என்பார்கள். ஆனால் உளி பிடித்தவரின் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும்: அந்த அலகு நாரோட்டத்தின் வழியே இறங்குகிறது, அதன் நுனிக்கும் உடலே முட்டுக்கொடுக்கிறது, ஆகவே அவ்வளவு எளிதில் ஒடியாது. இயற்கையோடு மனிதனுக்குள்ள உறவைப் பற்றி இந்த மரபுகளிலிருந்து நான் கற்றது முதலில் இந்த இடத்தில்தான். விலங்கையும் பறவையையும் செதுக்குவதால் மட்டும் அந்த உறவு வந்துவிடுவதில்லை. மரம் வளர்ந்த திசையை உருவமும் ஏற்றுக்கொள்வதில் அது இருக்கிறது.

இந்தப் பாடத்தில் ஏறத்தாழ 24 செ.மீ. உயரமுள்ள அப்படியொரு பறவையைச் செய்யப்போகிறோம். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். 'ஆப்பிரிக்க பாணி' என்று ஒரே பாணி கிடையாது. மாலியின் பமானா மக்கள் உழவின் சிறப்பைக் கொண்டாட ஆடும் ஆட்டத்தில் தலையில் சூடும் சி வாரா என்னும் மான் உருவமும், மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் வாழும் மகொண்டே மக்கள் ஒரே கட்டையில் ஒருவர்மேல் ஒருவராக மனிதர்களை அடுக்கிச் செதுக்கும் 'உஜமா' தூணும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை. நாம் எடுத்துக்கொள்ளும் வடிவம் செனுஃபோ மக்களுடையது. வேலையைப் பகுத்துக்கொள்ளும் முறை நைஜீரியாவின் யொருபா சிற்பிகளுடையது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆப்பிரிக்கச் சிற்பம் என்றதும் பலருக்கும் கன்னங்கரிய மகொண்டே சிலைகள்தான் நினைவுக்கு வரும். அவை ம்பிங்கோ என்னும் மரத்தின் வைரம் பாய்ந்த உட்பகுதியில் செதுக்கப்படுபவை. கிளாரினெட், ஓபோ போன்ற இசைக்கருவிகளும் அதே மரத்தில்தான் செய்யப்படுகின்றன. கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,200 கிலோ எடை கொண்ட அந்த மரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். புதியவரின் உளி அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுக்கும் மரமும்கூட. அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. முதல் பறவைக்கு ம்பிங்கோ வேண்டாம்.

கென்யாவின் அனுபவம் நமக்கு வழிகாட்டும். அங்கே கம்பா சிற்பிகளின் தொழில் பெருகப் பெருக, ம்பிங்கோவும் முஹுகு என்னும் மற்றொரு மரமும் காடுகளில் அருகத் தொடங்கின. மாற்றாக வேம்பு, மா, ஜக்கரண்டா ஆகிய மரங்களைச் செதுக்கும் வழக்கம் பரப்பப்பட்டது. நட்டு வளர்க்கக்கூடிய, விரைவாக வளரும் மரங்கள் அவை. சுவாஹிலி மொழியில் வேம்புக்கு முவாரொபைனி என்று பெயர். நாற்பது என்னும் சொல்லிலிருந்து பிறந்த அந்தப் பெயர், நாற்பது நோய்களைத் தீர்க்கும் மரம் என்ற நம்பிக்கையைச் சொல்கிறது.

புதியவருக்கு என் பரிந்துரை, காற்றில் சாய்ந்ததோ கழித்து விட்டதோ ஆன ஜக்கரண்டா அல்லது அதுபோன்ற மென்மையான ஒரு மரத்தின் பச்சைக் கட்டை. ஆப்பிரிக்கச் சிற்பிகள் பலர் புதிதாக வெட்டிய ஈரமரத்தில்தான் வேலை செய்வார்கள். காய்ந்த மரத்தைவிட அது உளிக்கு நன்றாக வழிவிடும். கட்டை 22 செ.மீ. குறுக்களவாவது இருக்கட்டும். அதை நெடுக்காகப் பிளந்து, நட்டநடுவில் உள்ள மென்மையான மையம் வராதபடி 8 செ.மீ. அகலமும் 8 செ.மீ. கனமும் உள்ள துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. மையத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு முழுக்கட்டையாகச் செதுக்கினால் இந்த வேறுபாட்டை மரம் வெடித்துத்தான் தீர்த்துக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சிலைகள் பலவற்றில் உச்சி முதல் அடிவரை ஓடும் வெடிப்பைப் பார்க்கலாம், காரணம் இதுதான். கட்டையை ரம்பத்தால் நெடுக்காக அறுக்காமல் கோடரியும் ஆப்பும் வைத்துப் பிளக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: பிளவு நாரோடு ஓடும், அது வளைந்து போனால் நாரும் அப்படியே வளைகிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

கருவிகள்

மேற்கு ஆப்பிரிக்கச் சிற்பியின் தலையாய கருவி வாச்சி, அதாவது வாய் குறுக்காக அமைந்த கோடரி போன்ற கருவி. கைப்பிடியின் பருத்த தலைக்குள் இரும்பின் வால் செருகப்பட்டிருக்கும்; உட்கார்ந்தபடியே கட்டையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டாக வெட்டுவார்கள். பார்க்க எளிதாகத் தோன்றும் அந்த வேலையைத் தயவுசெய்து முதல் நாளில் முயலாதீர்கள். நமக்கு 20 மி.மீ. தட்டை உளி ஒன்று, 12 மி.மீ. நகவுளி (வாய் வளைந்த உளி) ஒன்று, கொட்டாப்புளி (மரச்சுத்தி), சிறு ரம்பம், கைத்துளைப்பான், குட்டையான செதுக்குக் கத்தி, கட்டையை இறுக்கிப் பிடிக்க வைஸ் ஆகியவை போதும். தீட்டுவதற்குச் சாணைக்கல்லும் தோல்பட்டையும் அவசியம். கை மயிரை மழிக்கும் கூர் உளிக்கு இருக்க வேண்டும். மழுங்கிய உளியை அழுத்தும்போதுதான் அது நழுவிக் கையைக் கிழிக்கும். இரண்டு கைகளும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

வரைதல்

கட்டையின் முன்புறம், பின்புறம், உச்சி மூன்றிலும் நடுக்கோடு இழுங்கள். அடியிலிருந்து 3 செ.மீ. பீடம், அடுத்த 4 செ.மீ. கால்கள், அதற்குமேல் 9 செ.மீ. உடல், எஞ்சிய 8 செ.மீ. கழுத்தும் தலையும். பக்கவாட்டில், தலையிலிருந்து அலகு வில்போல் வளைந்து வயிற்றின் நடுவைத் தொடும்படி வரையுங்கள். உண்மையான இருவாட்சியை அப்படியே நகலெடுக்க முயல வேண்டாம். யொருபா மக்களின் கலைச்சொற்களில் ஜிஜோரா என்று ஒன்று உண்டு: உருவம் மூலத்தை ஒத்திருக்க வேண்டும், ஆனால் அச்சு எடுத்ததுபோல் ஆகிவிடவும் கூடாது என்ற அளவான ஒப்புமை. வயிற்றைத் தயங்காமல் பெரிதாக வரையுங்கள். பெரிய செனுஃபோ சிலைகளில் இறக்கைகள் பலகைபோல் விரிந்து நிற்கும். நமது பறவையில் அவை உடலோடு ஒட்டியே இருக்கட்டும், கட்டையின் அகலம் அவ்வளவுதான்.

முதல் கட்டம்: ஒனா லீலே

யொருபா சிற்பிகள் வேலையை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள். முதலாவது, பெரிய உருவத் தொகுதிகளை வெட்டி நிறுத்துவது. பீடத்துக்கும் காலுக்கும் இடையிலும், வயிற்றின் அடியிலும், கழுத்தின் பின்புறத்திலும் ரம்பத்தால் தடைவெட்டு போட்டுக்கொண்டு, அந்த வெட்டை நோக்கி உளியால் மரத்தை நீக்குங்கள். தடைவெட்டு இல்லாவிட்டால், ஓர் அடிக்குப் பெயரும் சிராய் நாரோடு ஓடிப் பீடத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போய்விடும். வரைந்த கோட்டுக்கு வெளியே எல்லா இடத்திலும் 3 மி.மீ. விட்டுவையுங்கள்.

உளி செல்ல வேண்டிய திசையைக் கற்றுக்கொள்ளும் இடமும் இதுதான். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் மயிர் படியும், எதிராகத் தடவினால் சிலிர்க்கும்; மரமும் அப்படித்தான். மேடான இடத்திலிருந்து பள்ளமான இடத்துக்கு வெட்டும்போது சுருள் நீளமாக, பளபளப்பான தடம் விட்டு வரும். உளி தானாக உள்ளே இறங்கி மரத்தைப் பிய்த்தால் நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். மேலும் அழுத்தாமல், திரும்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். வயிற்றின் பருத்த நடுவிலிருந்து மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் தனித்தனியே வெட்ட வேண்டியிருப்பது இதனால்தான். சத்தமும் உதவும்: சரியான திசையில் போகும் உளி சீராகச் சீறும், தவறான திசையில் விட்டுவிட்டு முறியும். பத்து நிமிடம் பேசாமல் காதைக் கொடுத்து வெட்டிப் பாருங்கள். இந்தப் பாடத்தில் இதைவிட முக்கியமான பயிற்சி வேறு இல்லை.

கானாவின் அசாந்தி சிற்பிகளிடம், சில மரங்களை வெட்டுவதற்கு முன் மரத்துக்குள் உறையும் ஆற்றலுக்குப் படையலிட்டு இசைவு கேட்கும் வழக்கம் இருந்தது. அந்தச் சடங்கை நாம் நடிக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டை மறுக்கும் திசையில் உளியை ஓட்டாமலிருப்பதும் ஒருவகை இசைவு கேட்டல் என்றே எனக்குத் தோன்றும்.

அன்றைய வேலை முடிந்ததும் கட்டையை ஈரத்துணியில் சுற்றி நெகிழிப் பைக்குள் வையுங்கள். ஒரே நாள் வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ இருந்தால்கூட முனைகளில் மயிரிழை வெடிப்பு வந்துவிடும்.

இரண்டாம் கட்டம்: அலெட்டுன்லே

இப்போது பெரிய தொகுதிகளைச் சிறியவையாகப் பிரிக்கிறோம். கால்கள் இரண்டையும் 2.5 செ.மீ. கனமுள்ள தூண்களாக நிறுத்துங்கள்; பறவையின் கால் மெல்லியது என்ற நினைப்பை மறந்துவிடுங்கள். இறக்கைகளின் விளிம்பை முதுகிலிருந்து சற்றே உயர்த்திக் காட்டுங்கள்.

அலகுக்கும் மார்புக்கும் இடையிலான இடைவெளிதான் இந்தச் சிலையின் உயிர்நாடி. அந்த இடத்தில் 8 மி.மீ. துளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து துளைத்து மறுபக்கம் வெளியே வரவிடாமல், இரு பக்கத்திலிருந்தும் பாதிப்பாதியாகத் துளைத்து நடுவில் சந்திக்கச் செய்தால் விளிம்பு பெயராது. பிறகு கத்தியால் துளைகளை இணைத்துவிடலாம். அலகின் கனத்தை இந்தக் கட்டத்தில் 1.5 செ.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அலகின் நுனி வயிற்றோடு ஒன்றாகவே இருக்க வேண்டும், அழகுக்காக அங்கே ஓர் இடைவெளி விடலாமே என்று கை அரிக்கும். விடாதீர்கள்.

மூன்றாம் கட்டம்: தீதான்

வழவழப்பாக்குவது. உப்புத்தாளை எடுக்காமல், நன்றாகத் தீட்டிய கத்தியால் மெல்லிய சீவல்களாக எடுத்து முடியுங்கள். ஈரமரத்தில் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், நாரும் பஞ்சாகக் கிளம்பும். கத்தி விட்ட சிறுசிறு தடங்களில் வெளிச்சம் விளையாடுவதும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

நான்காம் கட்டம்: ஃபின்ஃபின்

சிலையைச் சீவல்களோடு ஒரு காகிதப் பைக்குள் வைத்து ஒரு வாரம் கழித்து எடுங்கள். சற்றுக் காய்ந்த மரம்தான் கூரான கோட்டைத் தாங்கும். இந்தக் கட்டத்தில் கண், இறகு வரிசை, பீடத்தைச் சுற்றிய கோலம் ஆகியவற்றைக் கத்தி நுனியால் இரு பக்கமும் சாய்த்து வெட்டி, 'வி' வடிவப் பள்ளங்களாக எடுக்க வேண்டும். கண்ணை முதல் நாளே செதுக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் உண்டு; அப்படிச் செய்தவர்களின் பறவைக்குப் பிறகு தலை சிறுக்கச் சிறுக்கக் கண் இடம் தவறிப்போகும். கோடுகள் குறைவாக, ஆழம் ஒரே சீராக இருக்கட்டும்.

காய்தலும் எண்ணெயும்

மீண்டும் காகிதப் பைக்குள் வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தோய்த்து மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.

கடையில் வாங்கிய பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். யொருபா மக்கள் இறந்துபோன இரட்டைக் குழந்தைக்காகச் செதுக்கும் இபெஜி உருவங்களைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, கேம்வுட் என்னும் மரத்தின் செந்நிறப் பொடி பூசிப் பல ஆண்டுகள் பேணுவார்கள். தாயின் கை பட்டுப் பட்டு, உளி வெட்டிய கண்ணும் மூக்கும் மழுங்கிப்போன முகங்களை அவற்றில் பார்க்கலாம். அந்த மெருகை எந்தப் புட்டியிலும் அடைத்து விற்க முடியாது. உங்கள் பறவையையும் எடுத்துப் பார்க்கிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.

மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு வந்தால் மரத்தூளும் பசையும் வைத்து அடைக்காமல் விட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் அது தானாகவே ஒடுங்கும். கடைசியாகப் பீடத்தின் அடியில் மரத்தின் பெயர், செதுக்கிய ஆண்டு ஆகியவற்றோடு 'செனுஃபோ இருவாட்சி வடிவத்தைத் தழுவியது' என்றும் பென்சிலால் எழுதிவையுங்கள். அசல் சிலைகள் போரோ என்னும் அமைப்பின் சடங்குகளுக்கு உரியவை; நமது பறவை அலமாரிக்கு உரியது. பின்னாளில் அது யார் கைக்குப் போனாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.