அப்டேட் இன்னும் வரவில்லையா? நெட்வொர்க் நிறுவனத்திடம் வாங்கிய போனில் பார்க்க வேண்டியவை

என் தம்பியும் நானும் ஒரே மாடல் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தோம். ஒருநாள் அவன் போனில் புது ஆண்ட்ராய்டு வந்து இறங்கிவிட்டது. என் போனைக் கேட்டால், புது அப்டேட் எதுவும் இல்லை என்றே சாதித்தது. நெட்வொர்க் நிறுவனம்தான் நிறுத்தி வைத்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவனுடைய சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது.

நான் தப்பான இடத்தில் கை வைத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. சில மாடல்கள் சிம்மைப் பார்த்து அமைப்பை மாற்றிக்கொள்ளும். நெட்வொர்க் நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் வாங்கிய பெரும்பாலான போன்கள் அப்படிச் செய்யாது. உள்ளே இருக்கும் சாப்ட்வேர் யாருக்காகத் தயாரானதோ, அவர்கள் தலையாட்டினால்தான் அப்டேட் வரும். எனவே முதல் வேலை, அது யார் என்று கண்டுபிடிப்பது.

படி 1: போனில் இருப்பது யாருடைய சாப்ட்வேர்?

போனை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். திரையில் நெட்வொர்க் நிறுவனத்தின் சின்னம் வருகிறதா? அவர்களுடைய ஆப்கள் அழிக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கின்றனவா? அப்படியென்றால் பெரும்பாலும் அது அவர்கள் சாப்ட்வேர்தான். சாம்சங்கில் இன்னும் தெளிவாகவே பார்க்கலாம். செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் சாப்ட்வேர் இன்பர்மேஷன் போங்கள். சர்வீஸ் புரொவைடர் சாப்ட்வேர் வெர்ஷன் என்ற இடத்தில் சாய்கோடு போட்டுப் பிரித்த மூன்றெழுத்துக் குறியீடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நாட்டையோ ஒரு நெட்வொர்க் நிறுவனத்தையோ குறிக்கும்.

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "என் போன் அன்லாக் ஆகிவிட்டது, இனி நேரடியாக வரும்" என்பார்கள். அன்லாக் என்றால் வேறு நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யும், அவ்வளவுதான். சாப்ட்வேர் பழைய ஆளுடையதாகவே இருக்கும்.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஐஓஎஸ் அப்டேட்டை ஆப்பிளே நேராக அனுப்புகிறது. நெட்வொர்க் நிறுவனத்தின் பங்கு கேரியர் செட்டிங்ஸ் என்ற சின்னக் கோப்போடு முடிந்துவிடும். ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நம்பியிருந்தால் மட்டும் கொஞ்சம் தாமதமாகலாம். அந்த வழியில் வருவதற்கு 1 முதல் 4 வாரம் வரை ஆகும் என்று ஆப்பிளின் சாப்ட்வேர் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2022-இல் சொன்னார். ஜெனரல், சாப்ட்வேர் அப்டேட் என்று நீங்களே போய்த் தட்டினால் உடனே கிடைக்கும். இனி வரும் படிகள் ஆண்ட்ராய்டுக்கு.

படி 2: இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒன்று பில்ட் எண், அதாவது போனில் இப்போது இருக்கும் சாப்ட்வேர் பதிப்பின் அடையாள எண். இன்னொன்று செக்யூரிட்டி பேட்ச் தேதி, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை சேர்ந்திருக்கின்றன என்பது. அந்தத் தேதி மாதத்தின் 1 என்றோ 5 என்றோ இருக்கும். 5 என்றால் கெர்னல் (ஆண்ட்ராய்டின் அடித்தளம்), சிப் டிரைவர் (சிப்பை இயக்கும் சாப்ட்வேர்) போன்ற ஆழமான பகுதிகளின் திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

சாம்சங் பில்ட் எண்ணைப் படிக்கவும் ஒரு வழி உண்டு. கடைசி மூன்று எழுத்துகளில் முதலாவது வருடம்: டபிள்யூ 2023, எக்ஸ் 2024, ஒய் 2025. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே எல் வந்தால் டிசம்பர். மூன்றாவது வரிசை எண். எக்ஸ், ஜி, 2 என்று முடிந்தால் 2024 ஜூலையில் உருவான பில்ட். இது பழகிவிட்டால், வேறொருவர் போனையும் உங்கள் போனையும் பக்கத்தில் வைத்து எது புதியது என்று ஐந்து நொடியில் சொல்லிவிடலாம்.

படி 3: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கூகுள் புது ஆண்ட்ராய்டை வெளியிடும். குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் பகுதியைக் கொடுக்கும். போன் நிறுவனம் அதன்மேல் தன் வேலையைச் செய்யும். அதன் பிறகு நெட்வொர்க் நிறுவனத்தின் சோதனை. அவசர அழைப்பு போகிறதா, வைஃபை காலிங் அறுந்துபோகிறதா, ரோமிங்கில் தடுமாறுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கோளாறு ஒன்று சிக்கினால் மறுபடி போன் நிறுவனத்துக்கே திரும்பும். அவசர அழைப்பு போகாத போனை யாரும் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதால் இந்தச் சோதனையை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாய்திறக்காமல் இருப்பதுதான் எரிச்சல். மைக்ரோசாப்ட் 2011-இல் விண்டோஸ் போனுக்கு, எந்த நெட்வொர்க் நிறுவனத்திடம் அப்டேட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு அட்டவணையே போட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பல நெட்வொர்க் நிறுவனங்கள் தங்கள் உதவிப் பக்கத்தில் மாடல்வாரியாகக் கடைசி பில்ட் எண்ணைக் கொடுக்கின்றன. அதைப் படி 2-இல் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், இன்னும் அவர்கள் அனுப்பவில்லை. அவர்களுடையது புதிதாக இருந்தால், அனுப்பத் தொடங்கிவிட்டார்கள், உங்கள் முறை வரவில்லை.

படி 4: ஒருமுறை தட்டுங்கள், போதும்

அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்ப மாட்டார்கள். தங்கள் அப்போதைய நெக்சஸ் போன்களுக்கு எப்படி அனுப்புகிறோம் என்று கூகுள் பொறியாளர் ஒருவர் 2013-இல் விளக்கினார்: முதலில் 1% போன்களுக்கு, 24 முதல் 48 மணி நேரம் கவனித்துவிட்டு 25%, பிறகு 50%, கடைசியில் எல்லோருக்கும். பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டுவதால் வரிசையில் முன்னால் போக முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

கூகுள் சர்வீசஸ் ஃபிரேம்வொர்க் (போனை கூகுள் சேவைகளோடு இணைக்கும் உள் ஆப்) டேட்டாவை அழித்தால் உடனே வந்துவிடும் என்று ஒரு பழைய யோசனை இன்னும் உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் கூகுளிடம் உங்கள் போனின் அடையாளமே மாறிப்போகும். ஆப்களின் நோட்டிபிகேஷன் வராமல் நின்றுபோகலாம்.

படி 5: காத்திருக்கும்போது கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டு 10 முதல் சில உள்பகுதிகளை கூகுள் தானே நேராகப் புதுப்பிக்கிறது. இதற்கு நெட்வொர்க் நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று இருக்கும். அதைத் தட்டி, போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியே பிளே ஸ்டோரில் குரோமையும் ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் புதுப்பித்துவிடுங்கள்.

படி 6: பொறுமை போய்விட்டால்

கூகுளின் பிக்சல் போன் வைத்திருப்பவர்களுக்கு நேர்வழி உண்டு. ஓடிஏ கோப்புகளை, அதாவது போனுக்கு வரும் அதே அப்டேட்டின் முழுக் கோப்புகளை, கூகுளே வெளியிடுகிறது. கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து ஏடிபி சைட்லோடு முறையில் (கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்து போனுக்கு அனுப்பும் முறை) ஏற்றலாம். பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும், வேறு சாப்ட்வேரைத் தடுக்கும் பூட்டு) திறக்க வேண்டாம், உள்ளே இருப்பதும் அழியாது. ஆனால் சில மாதங்களில் குறிப்பிட்ட நெட்வொர்க்குக்கென்று தனி பில்ட் இருக்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அது எழுதியிருக்கும், பார்த்து எடுங்கள். போனின் சாப்ட்வேர் முழுவதையும் புதிதாக ஏற்றும் ஃபாக்டரி இமேஜ் என்ற இன்னொரு வகையும் அங்கேயே கிடக்கும். அதை ஏற்றப் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

மற்ற போன்களில் வேறு நாட்டு சாப்ட்வேரை ஏற்றுவதை முதல்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டேட்டா போகலாம், வைஃபை காலிங் நின்றுபோகலாம், வாரண்டியிலும் சண்டை வரலாம்.

படி 7: நோட்டிபிகேஷன் வந்ததும்

முதலில் பேக்கப். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், வைஃபையில் இறக்குங்கள். முடிந்ததும் மறுபடி ஒருமுறை செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள். நீண்ட நாள் தேங்கிய போன்களில் ஒன்று முடிந்த கையோடு அடுத்த அப்டேட்டும் வந்து நிற்பதுண்டு. என் போனில் அன்று இரவு மூன்று வந்தன.