விலை குறைந்த கேமராவை எதை வைத்து எடை போடுவது

குடும்பத்துக்கு ஒரு சின்னக் கேமரா வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தை ஒரு தடவை புரட்டுங்கள். பிறந்தநாள் கேக், லவுஞ்ச் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள், சாமி விளக்குக்கு முன்னால் பிள்ளைகள், கல்யாண ஹால். முக்கால்வாசிப் படம் கூரைக்குக் கீழே, விளக்கு போட்ட பிறகு எடுத்ததாக இருக்கும். கேமராப் பெட்டிமேல் இருக்கும் படமோ நல்ல வெயிலில் மலையும் கடலுமாக இருக்கும். நம் டர்பன் வெயிலில் எந்தக் கேமராவும் ஒழுங்காகத்தான் எடுக்கும். அதனால் பரீட்சையை லவுஞ்சையும் ராத்திரியையும் மனதில் வைத்து நடத்துங்கள்.

நான் கேமரா விற்றவள் இல்லை. கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பிரிண்ட் கடையில் பல வருஷம் கவுண்டரில் நின்றவள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், இசிபிங்கோ என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் படங்கள் வரும். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஆட்டம், மங்கல், சிவந்த கண், வெட்டுப்பட்ட தலை எல்லாம் தாளில் வரும்போதுதான் பல்லைக் காட்டும்.

முதலில் மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. இதைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. 10×15 செ.மீ. பிரிண்டுக்கு 1800×1200 புள்ளிகள் போதும். அது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சுவரில் மாட்ட ஏ4 அளவில் போட்டாலும் 9 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். பெட்டியில் 16 என்று இருந்தால் என்ன, 20 என்று இருந்தால் என்ன, ஆல்பத்தில் வித்தியாசம் தெரியாது.

தெரியக்கூடியது சென்சாரின் அளவு. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலும் 6.2×4.6 மி.மீ. சென்சார்தான் இருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு அங்குல வகை என்று சொல்கிறார்களே, அது 13.2×8.8 மி.மீ. பரப்பளவில் நான்கு மடங்கு. மங்கலான அறையில் சின்ன சென்சார், வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்று சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை 800, 1600 என்று ஏற்றித்தான் படத்தை வெளிச்சமாகக் காட்டும். ஏற்ற ஏற்றப் புள்ளி புள்ளியாக மணல் தூவினாற்போல் வரும். அதை மறைக்கக் கேமராவே படத்தை வழித்துவிடும். தாத்தாவின் நரைமுடி பஞ்சு உருண்டையாகத் தெரிகிறதென்றால் காரணம் இதுதான்.

அடுத்தது லென்ஸ். லென்ஸின் முகத்தைச் சுற்றிச் சின்ன எழுத்தில் 1:3.2-6.9 மாதிரி அச்சடித்திருப்பார்கள். முதல் எண் ஜூம் நீட்டாதபோது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எண் முழுக்க நீட்டியபோது. எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். 2.0 என்று தொடங்கும் லென்ஸ், 3.4 என்று தொடங்குவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மூன்று மடங்கு வெளிச்சம் இருந்தால் ஷட்டரை மூன்று மடங்கு வேகமாக மூடலாம், ஓடுகிற பிள்ளை ஓரளவாவது நிற்கும். மேலே சொன்ன 3.2-6.9 லென்ஸை முழுக்க நீட்டினால் வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்கூல் ஹாலில் பரிசளிப்பு விழாவைப் பின்வரிசையிலிருந்து எடுத்த படங்கள் ஏன் அப்படி ஆடிப்போய் வந்தன என்று கவுண்டரில் கேட்காத பெற்றோர் குறைவு.

ஜூம் எத்தனை மடங்கு என்று கேட்பதைவிட எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று கேளுங்கள். நம் வீடுகளில் அதுதான் முக்கியம். சாட்ஸ்வொர்த் வீட்டு லவுஞ்சில் சோபாவுக்கு எதிரே இரண்டு மீட்டர் பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும். லென்ஸின் அகலத்தை மி.மீ. கணக்கில் (35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடாக) சொல்வார்கள், எண் சிறியதானால் அகலம் அதிகம். 28 மி.மீ. என்று தொடங்கும் லென்ஸ் அந்த இடத்திலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 24 மி.மீ. என்றால் மூன்று மீட்டருக்குக் கிட்ட வரும். அந்த அரை மீட்டரில்தான் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா இருப்பார். ஆனால் மிக அகலமான லென்ஸ் ஓரத்து முகங்களைக் கொஞ்சம் இழுத்துப் பருமனாகக் காட்டும். ஓரத்தில் யாரை நிற்க வைப்பது என்பது உங்கள் குடும்பத்து விவகாரம்.

கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி என்று பெட்டியில் போட்டிருந்தால், அது லென்ஸில் உள்ளதா, வெறும் கணக்கில் உள்ளதா என்று பாருங்கள். கேனான் இக்ஸஸ் 185-இல் இருப்பது டிஜிட்டல் வகை, அதாவது வெறும் கணக்கு. அதோடு வந்த 190-இல் லென்ஸே அசைந்து ஆட்டத்தை ஈடுகட்டும். விளக்கு வெளிச்சத்தில் ஆயாவை எடுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் லென்ஸ் வகையும்கூட உங்கள் கை ஆட்டத்தைத்தான் அடக்கும். குதிக்கிற பேரனை அடக்காது.

ஆன்லைனில் பெயர் தெரியாத கேமராக்கள் 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம் என்று மலிவாக வருகின்றன. லென்ஸ் வெளியே நீளுகிறதா என்று படத்தில் பாருங்கள். நீளாமல் தட்டையாக இருந்து, மி.மீ. கணக்கும் எங்கேயும் போடாமல் இருந்தால், அந்த ஜூம் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதுதான். 48 என்பதும் சின்னப் படத்தை ஊதிச் சொல்லும் எண்ணாகவே இருக்கும். பல சமயம் ஃபோகஸ்கூட ஒரே தூரத்துக்கு நிலையாக வைத்திருப்பார்கள். பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கிக் கொடுக்கலாம், ஆல்பத்துக்கு ஆகாது.

இனிக் கடையில் செய்ய வேண்டியது. உங்கள் சொந்த எஸ்டி கார்டைக் கொண்டுபோங்கள், கூடவே ஒரு பிள்ளையையும் கூட்டிப்போங்கள். கடையின் பளிச்சென்ற முன்பக்கத்தை விட்டு ஒரு மூலைக்குப் போய், ஃபிளாஷை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கையாட்டச் சொல்லி எடுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் ஆனதும் முழுக்க அழுத்துங்கள். அழுத்தியதற்கும் படம் விழுந்ததற்கும் நடுவே சிரிப்பு மறைந்துவிட்டதா? அப்படியென்றால் மெழுகுவர்த்தி ஊதும் படமும் இந்தக் கேமராவில் கிடைக்காது. அடுத்த படத்துக்கு எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்றும் பாருங்கள். ஃபிளாஷ் போட்ட பிறகு சில கேமராக்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். அப்புறம் கார்டை எடுத்துப்போய் இரண்டு படத்தை 10×15 அளவில் பிரிண்ட் போடுங்கள். அந்தச் சின்னச் செலவுக்கு நூறு விமர்சனம் படித்த பலன் கிடைக்கும்.

அந்தச் சோதனையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையை வெள்ளைச் சுவருக்கோ வெளிச்சமான ஜன்னலுக்கோ முன்னால் நிறுத்தி எடுங்கள். கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். பின்னால் வெள்ளை அதிகமென்றால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், நம் மாநிற, கருப்பு முகங்கள் அடையாளம் தெரியாமல் போய்விடும். வெள்ளை வேட்டி, வெள்ளை மார்க்கீக் கூடாரம், அதன் நடுவே கருத்துப்போன முகங்கள் என்று எத்தனை கல்யாணப் படங்களை மெஷினில் வெளுப்பாக்கிக் கொடுத்திருப்பேன்! பிளஸ் மைனஸ் குறி போட்ட ஒரு வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை +0.7 அளவில் வைத்தால் முகம் வந்துவிடும். அந்த வசதிக்கு ஒரு பட்டனில் போக முடிகிறதா, மெனுவுக்குள் தேட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தேட வேண்டியிருந்தால் நீங்கள் ஒருநாளும் அதைத் தொடப்போவதில்லை.

காவடிக்கு நிலைமை வேறு. தைப்பூசம் இங்கே கோடையின் உச்சத்தில் வருகிறது. அந்த வெயிலில் கேமராவின் திரையே தெரியாது, எதை எடுக்கிறோம் என்று குத்துமதிப்பாக அழுத்த வேண்டியதுதான். எட்டிப் பார்க்கும் கண்ணாடித் துளை இந்த விலையில் கிடைப்பது அபூர்வம். அதனால் கேமராவைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்த் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். மஞ்சள் துணி, செவ்வந்தி, சிவப்புப் பூ எல்லாம் சில கேமராக்களில் ஒரே வண்ணத் திட்டாக அப்பிவிடும், இதழ் இதழாகத் தெரியாது. நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் அமைப்பை அன்றைக்கு நிறுத்தி வையுங்கள். ஆடி மாதக் கூழ் பூஜைக்கோ நேர் எதிர்ப் பிரச்சினை. அப்போது நமக்குக் குளிர்காலம், மாலை 5 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடும். சின்னக் கேமராவின் ஃபிளாஷ் மூன்று மீட்டருக்கு மேல் பெரிதாக எட்டாது, கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்ட சாமி படத்துக்கும் பித்தளை விளக்குக்கும் நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் அந்த வெள்ளை வெடிப்பு வராது.

தலை வெட்டுப்படுவதற்குக் கடைக்காரரைத் திட்டுவார்கள். அது கணக்குப் பிழை. சின்னக் கேமராக்களின் படம் 4:3 வடிவம், நம் பிரிண்ட் 3:2 வடிவம். 15 செ.மீ. அகலத்துக்கு 4:3 படம் 11.25 செ.மீ. உயரம் கேட்கும், தாளோ 10 செ.மீ.தான். ஒன்றேகால் செ.மீ. எங்கேயாவது போயாக வேண்டும், போவது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தலைப்பாகை. மெனுவில் 3:2 இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் இடம் விட்டு எடுங்கள். தேதியைப் படத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் பொறிக்கும் வசதியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தாலே போதும், தேதி படக் கோப்புக்குள் பதிந்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நமக்கு நல்ல பாடம் நடத்தியிருக்கிறது. கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 இரண்டு ஏஏ செல்லில் ஓடும், டீக்கடையிலும் வாங்கலாம். ஆனால் சாதாரண செல் சீக்கிரம் தீரும், ரீசார்ஜ் செய்யும் செல் வாங்கி வைப்பது நல்லது. தனி லித்தியம் பேட்டரி என்றால் உபரியாக ஒன்று வாங்கி, இரண்டையும் விழாவுக்கு முந்தைய நாளே ஏற்றி வையுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்கத் தயங்காதவர்களுக்கு என் ஓட்டு அந்தப் பக்கம்தான். கேனான் எஸ்95, எஸ்110 போன்றவற்றில் சென்சார் 7.4×5.6 மி.மீ., லென்ஸ் 2.0-இல் தொடங்கும். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-இல் ஒரு அங்குல வகை சென்சாரும் 1.8 லென்ஸும் உண்டு. லவுஞ்சில் ராத்திரி எடுக்க இன்றைய மலிவான புதுக் கேமராக்களைவிட இவை மேல். ஆனால் கடலோர ஊரில் பழைய லென்ஸை நம்பிவிட முடியாது. கேமராவை ஆன் செய்து ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் பூஞ்சை. திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வெள்ளைத் தாளை எடுத்துப் பார்த்தால் உள்ளே போன தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கடற்கரை மணல் ஏறியிருக்கும், அது ஒருநாள் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். பழைய ஒலிம்பஸ், ஃபூஜி கேமராக்கள் சில எக்ஸ்டி கார்டு கேட்கும், அது இப்போது சுலபமாகக் கிடைக்காது. 2006-க்கு முந்தைய எஸ்டி கேமரா என்றால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காமல் போகலாம். பேட்டரி மூடியைத் திறந்து பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். எது வேண்டுமென்று சொல்லும் உரிமை உங்களுடையது. வியாபாரமாக விற்காத தனி ஆளிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படிப்பட்டவரைச் சந்திக்கப் போகும்போது கார்டும் டார்ச்சும் கையில் இருக்கட்டும், பணத்தைக் கடைசியில் எடுங்கள்.