வந்தது சிறுத்தையா, நாயா? உறுதிசெய்வதற்குள் நடக்கும் தவறுகள்

ஊருக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது என்று பேச்சு கிளம்பினால் முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். வரப்பிலும் வண்டிப்பாதைப் புழுதியிலும் பதிந்த தடங்கள் அப்போதுதான் முழுதாக இருக்கும். பார்க்க வந்தவர்களின் செருப்பும் பைக் சக்கரமும் அவற்றின் மேல் ஏறிவிட்டால், வனவர் வந்து சேரும்போது பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பிறகு வாரக்கணக்கில் 'வந்தது' என்று ஒரு தரப்பும் 'வரவே இல்லை' என்று ஒரு தரப்பும் பேசிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பயப்படுவார்கள், பட்டியில் ஆடு குறைந்துகொண்டே போகும். பார்த்ததாகச் சொல்பவர் வேண்டுமென்றே பொய் சொல்வது அபூர்வம். அவர் பார்த்ததைச் சரிபார்க்க உதவும் தடயத்தைத் தொலைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

'இங்கே ஏது காடு' என்று ஒதுக்குவது

2024 ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை நகருக்குள் சிறுத்தை நடமாடியது சிசிடிவியில் பதிவானது. நெல் வயலும் வாய்க்காலும் உள்ள டெல்டா ஊர் அது. பக்கத்தில் காடு கிடையாது. சில நாள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறையிலும் சிறுத்தை கேமராவில் தெரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் திருப்பத்தூரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் நுழைந்த சிறுத்தையை மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். ஆகவே காடு இல்லை என்பது மட்டும் மறுப்பதற்குப் போதிய காரணம் ஆகாது.

சிறுத்தைக்குப் பெருங்காடு கட்டாயமில்லை. பகலில் படுக்கக் கரும்புக் கொல்லையோ சீமைக்கருவேலம் புதரோ, தின்ன நாய், பன்றி, ஆடு, குடிக்கத் தண்ணீர் இருந்தால் போதும். ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் அதற்கு இரவு நேரப் பாதை. தாயைப் பிரிந்த இளம் சிறுத்தைகள் தனக்கென ஓர் இடம் தேடி வெகுதூரம் போகும். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் 13,874, தமிழ்நாட்டில் 1,070 சிறுத்தைகள் என்று மதிப்பிட்டார்கள். அது பெரும்பாலும் காட்டுப்பகுதிகளை வைத்துப் போட்ட கணக்கு. வயல்வெளியில் வாழ்பவை அதில் முழுமையாக வரவில்லை.

தடத்தைக் கண்டதும் செய்யும் பிழைகள்

தடத்தைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது அதை மூடுவது. ஒரு பிளாஸ்டிக் பேசினையோ தகரத் தட்டையோ கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். சுற்றிலும் நாலைந்து குச்சி நட்டுக் கயிறு கட்டினால் ஆட்கள் வரமாட்டார்கள். மூடுவதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று சாய்த்து எடுத்த படத்தில் தடம் நீண்டு தெரியும், அதை வைத்து அளக்க முடியாது. போனைத் தடத்துக்கு நேர் மேலே பிடித்து, பக்கத்தில் அளவுகோலோ 10 ரூபாய் நாணயமோ வைத்து எடுங்கள். அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். உச்சி வெயிலில் தடம் தட்டையாகத் தெரியும். பகலில் உடம்பால் நிழல் கொடுத்து, ஒரு டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடித்தால் மேடு பள்ளம் தெளியும். ஒரே ஒரு தடத்தோடு நிறுத்தாமல், தொடர்ச்சியாக நாலைந்தையும் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தையும் எடுக்க வேண்டும்.

அடையாளம் காண்பதில் பலருக்கும் தெரிந்த ஒரே விதி, நகம் பதிந்தால் நாய், பதியாவிட்டால் சிறுத்தை. இது பாதி உண்மைதான். தார் ரோட்டில் திரியும் நாய்க்கு நகம் தேய்ந்திருக்கும். கெட்டியான தரையில் பதியாது. வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகத்தை நீட்டி ஊன்றும். அதனால் நகத்தை மட்டும் நம்பாமல் மற்றவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நாயின் தடத்தில் நடு விரல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்துப்போகும். சிறுத்தையின் தடத்தில் ஒரு நடு விரல் சற்று முன்னே நிற்கும். அதை வைத்தே இடது கால், வலது கால் என்று சொல்லிவிடலாம். விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய திண்டின் பின்விளிம்பு பூனை இனத்தில் மூன்று வளைவாகத் தெரியும். இன்னொரு சோதனையும் உண்டு. விரல்களுக்கும் திண்டுக்கும் இடையே உள்ள மேட்டின் வழியாகப் பெருக்கல் குறி போல் இரண்டு கோடு இழுத்துப் பாருங்கள். நாய்த் தடத்தில் கோடு எதிலும் படாமல் போகும். சிறுத்தையின் தடத்தில் பெரிய திண்டு குறுக்கே வந்து நிற்கும்.

அகலத்தில் சிறுத்தையின் தடம் பெரும்பாலும் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை வரும். காட்டுப்பூனைக்கு 4 முதல் 5. வளர்ந்த புலிக்குச் சிறுத்தையை விடப் பெரிதாக இருக்கும். ஆனால் ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய நாய்களின் தடமும் சிறுத்தையின் அளவுக்கு வரக்கூடும் என்பதால், அளவு பொருந்துகிறது என்று முடிவுக்கு வரக் கூடாது, வடிவமும் பொருந்த வேண்டும். ஈரச் சேற்றில் தடம் விரிந்து கொடுக்கும். மேல்விளிம்பை அளந்தால் நாய்த் தடம் சிறுத்தையாகும், சிறுத்தைத் தடம் புலியாகும். அடிமட்டத்தைத்தான் அளக்க வேண்டும். ஐந்து விரல் தெரிந்தால் மரநாயாக இருக்கலாம். சத்தியமங்கலம், மசினகுடி பக்கம் என்றால் கழுதைப்புலியையும் மறக்கக் கூடாது: அதற்கு நகம் பதியும், முன்தடம் பின்தடத்தை விடக் கண்கூடாகப் பெரியதாக இருக்கும்.

செத்த ஆட்டை அப்புறப்படுத்துவது

ஆடு செத்துக் கிடந்தால் உடனே புதைத்துவிடுவதும், தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் வைத்து மறியல் செய்வதும் வழக்கமாகிவிட்டன. உடல் கிடந்த இடம், இழுத்துச் சென்ற கோடு, ரத்தம் சிந்திய இடம் எல்லாம் அதோடு போய்விடும். இழப்பீடு கேட்பதற்கும் வனச்சரகத்தின் நேரடி ஆய்வும் கால்நடை மருத்துவரின் சான்றும் தேவைப்படும். உடல் இடம் மாறினால் அந்த வேலை சிக்கலாகும்.

சிறுத்தை பெரும்பாலும் தொண்டையையோ பிடரியையோ ஒரே பிடியாகக் கவ்வும். வெளியே இரண்டு, மூன்று துளைதான் தெரியும். தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், அதைக் கால்நடை மருத்துவர் செய்யட்டும். நாய்க்கூட்டம் பின்னங்கால், தொடை, வால், வயிறு என்று கண்ட இடத்தில் கடித்துக் கிழிக்கும். பல ஆடுகளைக் காயப்படுத்திவிட்டுக் கொஞ்சமே தின்னும். 'பத்து ஆடு செத்தது, அப்படியானால் நாய்தான்' என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. ஓடித் தப்ப வழியில்லாத அடைத்த பட்டிக்குள் சிறுத்தை புகுந்தால் அதுவும் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொல்லும். அப்போது கடித்த இடம்தான் விடை சொல்லும்.

ஆத்திரத்தில் மிச்ச இறைச்சியில் பூச்சிமருந்து வைப்பது மிகக் கொடிய தவறு. அதைத் தின்று நாயும் நரியும் பருந்தும் சாகும். சிறுத்தை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

இரவு வீடியோவில் உருவத்தின் அளவை நம்புவது

2023 ஜூலையில் ஜெர்மனியின் பெர்லினை ஒட்டிய கிளைன்மாக்னோ என்ற ஊரில் இரவில் எடுத்த ஒரு போன் வீடியோ பரவியது. பெண் சிங்கம் என்று ஹெலிகாப்டர், டிரோன், நூற்றுக்கணக்கான போலீசார் என்று தேடினார்கள். மறுநாள் நிபுணர்கள் உடலமைப்பை ஒப்பிட்டுப் பார்த்து, அது காட்டுப்பன்றியாகத்தான் இருக்கும் என்று சொன்ன பிறகு தேடுதல் நின்றது. மங்கிய ஒளியில், பக்கத்தில் ஒப்பிட ஒரு பொருள் இல்லாதபோது, கண்ணும் கேமராவும் அளவில் ஏமாறும். சிசிடிவியின் அகல லென்ஸுக்கு அருகில் வரும் காட்டுப்பூனை சிறுத்தை அளவுக்குத் தெரியும். இரவு முறையில் நிறம் போய், எல்லாம் சாம்பல் ஆகிவிடும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கேமராவை அசைக்காமல், பதிவான அதே இரவு நேரத்தில், உருவம் நின்ற அதே இடத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட ஒரு மீட்டர் குச்சியை நட்டு மறுபடி பதிவுசெய்யுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் தோள் உயரம் கிடைத்துவிடும். வளர்ந்த சிறுத்தைக்குத் தோள் உயரம் ஏறக்குறைய 50 முதல் 70 சென்டிமீட்டர், காட்டுப்பூனைக்கு 35 முதல் 40. அடுத்து வாலைப் பாருங்கள். சிறுத்தையின் வால் உடலின் பாதிக்கு மேல் நீளும், நடக்கும்போது நுனி மேல்நோக்கி வளையும். காட்டுப்பூனையின் வால் குட்டை; நீண்ட கால், நிமிர்ந்த கூர்க்காது.

பதிவைக் காப்பாற்றுவதிலும் தவறு நடக்கிறது. மானிட்டர் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் இரண்டு முறை குறையும். கேமராப் பதிவு சேரும் டிவிஆர் பெட்டியிலிருந்து அசல் கோப்பைப் பென்டிரைவில் எடுங்கள். பல பெட்டிகள் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளியிருக்கிறது என்றும் குறித்துவையுங்கள். போன் படமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால்தான் எடுத்த நேரமும் இடமும் கோப்போடு போகும். கணினியில் உருவாக்கிய சிறுத்தைப் படங்கள் இன்று எளிதில் கிடைப்பதால், அசல் கோப்பு இல்லாத படத்தை ஆதாரமாக எண்ணக் கூடாது.

கிடைத்த பொருள் அசலாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிஞ்சும். இங்கிலாந்தின் கார்ன்வாலில், போட்மின் மூர் பகுதியில் பெரும்பூனை உலவுவதாக நெடுங்காலம் பேச்சு உண்டு. 1995இல் அங்கே ஆற்றில் ஒரு மண்டை ஓடு கிடைத்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆராய்ந்ததில் அது சிறுத்தையுடையதுதான். ஆனால் அதற்குள் வெப்பமண்டலக் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது, எலும்பில் கத்தி வெட்டும் இருந்தது. எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்த தோல் விரிப்பின் தலை அது. எனவே முடி, எச்சம் எது கிடைத்தாலும் எடுக்கும் முன் கிடந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, நேரத்தை எழுத வேண்டும். எச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், பாலித்தீன் பையில் போட்டுக் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்தால் மரபணு சிதையும். காகித உறையில் போட்டு நிழலில் வைத்தால் போதும், மற்றதை வனத்துறை பார்த்துக்கொள்ளும்.

பார்த்தவரிடம் விடையைச் சொல்லிக்கொடுத்துக் கேட்பது

'நீங்க பார்த்தது சிறுத்தையா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். பார்த்தவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போய், 'முதுகு இந்தச் செடியில எதுவரைக்கும் வந்தது, கையை வச்சுக் காட்டுங்கண்ணே' என்று கேட்டு அளக்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எத்தனை நொடி தெரிந்தது, எந்தப் பக்கம் போனது, வால் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டு பேர் பார்த்திருந்தால் தனித்தனியாக, அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முன்பே கேட்பது நல்லது. பல ஊர்களில் சிறுத்தையையும் புலி என்றே சொல்வார்கள். கோடா, புள்ளியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கறுப்பா இருந்தது' என்றாலும் தள்ளிவிடாதீர்கள். நீலகிரியில் கருஞ்சிறுத்தை உண்டு. சமவெளியில் பெரும்பாலும் அது கறுப்பு நாயாக இருக்கும்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது

கரும்பு வெட்டும்போது புள்ளிபோட்ட குட்டி கிடைத்தால், அது சிறுத்தைக்குட்டியாக இருக்கலாம், சிறுத்தைப் பூனையாகவோ துருப்புள்ளிப் பூனையாகவோ கூட இருக்கலாம். எதுவானாலும் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், இருட்டியதும் திரும்பி வரும். வெட்டை நிறுத்தி, ஆட்களை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் அதே இடத்தில் மாலையில் வைத்துத் தாயோடு சேர்ப்பதுதான் அவர்களும் முதலில் செய்வது. பாலூட்டுவதும் மடியில் வைத்துப் படம் எடுப்பதும் குட்டியின் உயிருக்கே ஆபத்து.

கூண்டு வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பது

முதல் நாளே 'கூண்டு வை' என்று கேட்பார்கள். முதலில் வைக்க வேண்டியது தானியங்கி கேமரா. தடம் போன பாதையோரம், தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், பாதையிலிருந்து 3 முதல் 4 மீட்டர் தள்ளி, எதிரெதிராக இரண்டு. சிறுத்தையின் உடலில் இரு பக்கத்துப் புள்ளிகளும் வேறுவேறாக இருப்பதால், எந்தச் சிறுத்தை என்று அடையாளம் காண ஒரு கேமரா போதாது. முன்னால் நிற்கும் புல்லை வெட்டாவிட்டால் காற்றுக்கு ஆடும் புல்லே படமாகிக் குவியும். நேர் கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தால் வெயில் கெடுக்கும்.

பிடித்து வேறு காட்டில் விடுவதில் பெரிய சிக்கல் இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை நூற்றுக்கும் மேற்பட்ட சிறுத்தைகளைப் பிடித்து, பலவற்றை வேறிடங்களில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்தது என்று வன உயிரின ஆய்வாளர் வித்யா அத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியது. இடம் தெரியாத சிறுத்தை தடுமாறும், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். பிடித்தே ஆக வேண்டிய நிலையிலும் கூட்டம்தான் முதல் எதிரி. 2022 ஜனவரியில் கோவை பி.கே.புதூரில் பாழடைந்த குடோனுக்குள் பதுங்கிய சிறுத்தை, சில நாள் பொறுமையாகக் காத்திருந்த பிறகு தானே கூண்டுக்குள் வந்தது. சுற்றி நின்று கல்லெறிந்து, போக வழி விடாமல் அடைத்த இடங்களில்தான் ஆட்கள் காயமடைகிறார்கள். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாமல், குனியாமல், கையை உயர்த்தி, சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகருங்கள்.

நாய்தான் என்று தெரிந்ததும் ஊர் இதை மறந்துவிடுகிறது. அடுத்த மாதமும் ஆடு சாகிறது. பட்டியைச் சரிசெய்யும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். நாய் அடியில் தோண்டி நுழையும். கம்பி வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள். சிறுத்தை ஏறிக் குதிக்கும். மேலேயும் வலை போட்டு மூடுங்கள். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வையுங்கள். சுற்றிப் பத்து மீட்டருக்குப் புதரை வெட்டுங்கள். கோழிக்கழிவும் இறைச்சிக்கழிவும் பட்டியோரம் கொட்டாமல் இருந்தால் நாய்க்கூட்டமும் வராது, அதைத் தேடி வரும் சிறுத்தையும் வராது.