குளவி, கறையான்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் பூச்சிப் பேச்சு வராமல் இருக்காது, சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். போன வாரம் தோட்டத்தில் வேலை வாங்கும் ஒரு மண்டோர் அண்ணன், "குளவி கொட்டும், கறையான் வீட்டைத் தின்னும், ரெண்டுக்கும் மருந்துதான்" என்றார். ஒரே வரியில் மூன்று தப்பு: எல்லாக் குளவியும் நம்மைக் கொட்டாது, எல்லாக் கறையானும் வீட்டைத் தின்னாது, எல்லாவற்றுக்கும் மருந்தும் சரிவராது.

கறையானை எறும்பின் உறவாக நினைப்பது பழைய பழக்கம். அது கரப்பான் வம்சம். எறும்புக்குப் பங்காளி குளவிதான். மழை விட்ட சாயங்காலம் விளக்கை மொய்க்கும் ஈசல்கூட இறக்கை முளைத்த கறையானே.

அப்புறம், எல்லாக் கறையானும் மரம் தின்னாது. வீட்டு நிலையை அரிப்பதும், பால்மரத்தைச் சாய்ப்பதும் கோப்டோடெர்மெஸ் வகையின் வேலை. மண் தின்னும் கறையானுக்கு உங்கள் அலமாரி எதற்கு? மக்கிய மண்ணை விழுங்கி, அதிலுள்ள சத்தில் பிழைக்கிறது. இந்த வகை வேலைக்காரக் கறையான் ஒன்றை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள், மெல்லிய தோலுக்குள் வயிற்று மண் கருப்பாகத் தெரியும். இவற்றில் பெரிகாப்ரிடெர்மெஸ் வகையில் காவல் காக்கும் சிப்பாய்க்குத் தாடை கோணல், விரல் சொடுக்குவதுபோல் எதிரியைச் சுண்டிவிடும். காட்டை அழித்துத் தோட்டம் போட்டால் கறையான்களில் அதிகம் அடிபடுவது இந்த மண் தின்னிகள்தான்.

சரி, குளவிக்கு வருவோம். நான் சொல்வது ஒட்டுண்ணிக் குளவி. பேன் மாதிரி என்று நினைக்காதீர்கள், பேன் ஆளைக் கொல்லாது. தாய்க்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டுப் போய்விடும், பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளர்ந்து அதைச் சாகடிக்கும். கறையானைப்போல ராணியும் ராஜாவும் சேர்ந்து நடத்தும் குடும்பம் இங்கே இல்லை, பெரும்பாலும் தனி ஆள்தான். நம்மைக் கொட்டுவதும் அபூர்வம். செம்பனை ஓலையைச் சல்லடையாக்கும் பைப்புழுவுக்கு, அதுதான் தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு வாழும் உலாட் புங்குஸ், இவை முக்கியமான எதிரிகள். தோட்டப் பாதையோரம் துர்னேரா மஞ்சள் பூச்செடி நடுவதே இந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கத்தான். கண்ட பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால் குளவி செத்து, பையோடு ஒளிந்த புழு பெருகும். 1960களிலேயே மலேசியத் தோட்டங்கள் பட்ட பாடு இது.

இரண்டில் எது நல்லது என்று கேட்பதும் வீண். ஒன்று ஓலையில் வேட்டையாடுகிறது, மற்றது தரைக்கடியில் மண்ணைக் கிளறுகிறது. மருந்து எங்கே விழுகிறது, அங்கே யார் சாகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

அண்ணனிடம் ஒரு பைப்புழுக் கூட்டைக் காட்டினேன், பக்கவாட்டில் குண்டூசி குத்தியதுபோல் குளவி வெளியேறிய ஓட்டை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இது நான் மருந்தடிக்குமுன்னேயே செத்துப்போச்சா?" என்றார்.