அழகு அறுவை சிகிச்சைக்கு முன்: டெல்டாக்காரர்கள் கவனிக்க

தை முகூர்த்தத்துக்காக மார்கழியில் மூக்கைத் திருத்தப் போகாதீர்கள். கண்ணைச் சுற்றிய கன்றல் 2 வாரத்தில் குறையும். மூக்கு நுனி வீக்கம் முழுதாக வடிய ஓராண்டுகூட ஆகலாம்.

டாக்டர் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 'காஸ்மெட்டிக் டிப்ளமோ' அதற்கு ஈடாகாது. மயக்க மருந்து டாக்டர் யார், அவசர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா என்பதையும் கேளுங்கள்.

புகைப்பதை முன்னும் பின்னும் 4 வாரமாவது விடவேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் தையல் போட்ட தோல் கருகிப்போகும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கும் இது பொருந்தும். பலர் அதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, சித்த மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள். இதய நோய்க்கான ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது.

கொழுப்பு உறிஞ்சுதல் எடை குறைப்பு அல்ல. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதில் ஆபத்து அதிகம்.

சென்னையில் செய்துகொண்டால் அன்றிரவே உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர் திரும்ப வேண்டாம். மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறையும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் ஆறும்வரை ஆற்றுக் குளியல் கூடாது, ஆடிப்பெருக்கானாலும்.