விண்டோஸ் 11 ஏற்றியபின் பூட் ஆகும்போதே உறைந்து நிற்கிறதா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பழைய மெஷினிலேயே விண்டோஸ் 11-ஐ ஏற்றியவர்களில் சிலருக்கு இப்போது ஒரே தலைவலி: அதுவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், ஆன் செய்தால் லோகோவைத் தாண்டுவதில்லை, தாண்டினாலும் கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. கடைக்கு எடுத்துப் போனால் "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சரியாகப் பார்த்துவிட்டால் காரணம் பாதி தெரிந்துவிடும். பார்க்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் செய்துபார்த்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதல் கேள்வி: உண்மையிலேயே உறைந்திருக்கிறதா, அல்லது வேலை செய்துகொண்டிருக்கிறதா? அப்கிரேடு முடிந்த பிறகு வரும் முதல் பூட் மெதுவாகத்தான் இருக்கும். எஸ்எஸ்டி என்றால் அரை மணி நேரம் வரை பொறுக்கலாம். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். திரையில் சதவீதக் கணக்கு ஓடும்போது பவரை நிறுத்தவே கூடாது. சந்தேகம் இருந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டிஸ்க் விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் வேலை நடக்கிறது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள்; அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸின் உள்கரு உயிரோடு இருக்கிறது, வேறு எதற்காகவோ காத்திருக்கிறது. அழுத்தியும் விளக்கு அசையவில்லை, சுழலும் வளையமும் நின்றுவிட்டது என்றால் அது முழு உறைவு. டிரைவரோ (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஹார்டுவேரோதான் காரணம்.

எங்கே நிற்கிறது?

கம்பெனி லோகோ மட்டும் தெரிகிறது, கீழே வளையமே வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் மட்டத்திலேயே சிக்கல். பிரின்டர், பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், கார்டு ரீடர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என எல்லா யுஎஸ்பி-யையும் கழற்றிவிட்டு, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி, மெஷினை அணைத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இதிலேயே சரியானால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். சரியாகவில்லையென்றால் பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வளையம் வந்து, சுற்றிக்கொண்டே இருந்தால் அல்லது பாதியில் நின்றுவிட்டால் டிரைவர் ஏறும் கட்டம். கிராஃபிக்ஸ், டிஸ்க் கன்ட்ரோலர், ஆன்டிவைரஸ் ஆகிய மூன்றையும் இங்கேதான் சந்தேகிக்க வேண்டும்.

கறுப்புத் திரை, நடுவில் மவுஸ் அம்பு மட்டும் என்றால் விண்டோஸ் ஏறிவிட்டது; காட்டத்தான் முடியவில்லை. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஒரு 'பீப்' கேட்கலாம். பலன் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்'கில் எக்ஸ்ப்ளோரர் என்று தட்டுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் டிரைவரைக் குறை சொல்ல வேண்டாம். தொடக்கத்தில் தானாக ஓடும் புரோகிராம்களில் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது.

லாக்இன் செய்தபிறகு உறைந்தாலும் இதே முடிவுதான்.

இன்னொரு வகை உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஷட்டவுன் செய்து மறுநாள் ஆன் செய்தால் உறைகிறது, ஆனால் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது. இதற்குக் காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. உள்கருவின் நிலையையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே படித்து எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுகிறது. விண்டோஸ் 10 காலத்து டிரைவர் இப்படி எழும்போது தடுமாறினால் மெஷின் உறையும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' திறந்து, மேலே இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியைச் சொடுக்கினால்தான் கீழேயுள்ள தேர்வுகள் மாற்றத்துக்கு வரும். அங்கே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிட்டு சேமியுங்கள். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் இதனால் இழப்பு சில விநாடிதான்.

கை வைக்கும் முன்

பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவியை எடுத்து வையுங்கள். பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் உள்ள செக்யூர் பூட், டிபிஎம் ஆகிய பாதுகாப்பு அமைப்புகளைத் தொட்டால், பயாஸ் அப்டேட் போட்டால், அடுத்த பூட்டில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்து லாக்இன் செய்பவர் என்றால், ஃபோனில் அதே அக்கவுன்டுக்குள் போய் டிவைஸ் பகுதியில் பார்த்தால் சாவி இருக்கும். சாவி இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது, கடைக்காரராலும்தான்.

ரெக்கவரி திரைக்குப் போவது எப்படி? வளையம் தெரிந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து பூட் தோற்றால் விண்டோஸ் தானே 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரைக்குப் போகும். போகாவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11-ஐ எழுதி, அதிலிருந்து பூட் செய்து, 'இன்ஸ்டால்' தேர்வைத் தொடாமல் 'ரிப்பேர்' தேர்வுக்குப் போங்கள்.

அங்கே போனதும் முதல் வேலை முக்கியமான ஃபைல்களைக் காப்பாற்றுவது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் அந்தச் சின்ன ஜன்னலே ஒரு எக்ஸ்ப்ளோரர் ஆகிவிடும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். இங்கே உங்கள் சி டிரைவ் டி என்று காட்டக்கூடும், பதற வேண்டாம். உள்ளே 'யூசர்ஸ்' ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. காப்பி ஆகும்போது ஜன்னல் அசையாமல் இருப்பதுபோலத் தெரியும், விட்டுவிடுங்கள்.

சேஃப் மோடில் டிரைவரைக் களைவது

ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் எண்ணிட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோட். 5 என்றால் இன்டர்நெட்டோடு சேஃப் மோட். 3 என்றால் குறைந்த ரெசல்யூஷன். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் சில நேரம் ஏற்காது, அதனால் அக்கவுன்ட் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் 'சேஃப் பூட்' டிக் போட்டு உள்ளே போகும் வழியைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம்: பாஸ்வேர்டு மறந்திருந்தால் உள்ளேயும் போக முடியாது, அந்த டிக்கையும் எடுக்க முடியாது.

சேஃப் மோடில் நன்றாக ஏறுகிறது என்றால் டிஸ்க்கும் ரேமும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஏனென்றால் சேஃப் மோட் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர்களை மட்டுமே ஏற்றுகிறது. கிராஃபிக்ஸிலிருந்து தொடங்குங்கள். இன்டர்நெட் கேபிளைக் கழற்றி வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் நீக்கிய டிரைவரையே விண்டோஸ் அப்டேட் பின்வாசல் வழியாக மறுபடி கொண்டுவந்து வைக்கும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் திறந்து, கார்டை ரைட் கிளிக் செய்து, அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் பெட்டியில் டிக் போடுங்கள். அந்த டிக் இல்லாமல் நீக்கினால் அடுத்த பூட்டில் அதே பழைய டிரைவர் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். இப்போது சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுத்துகள் பெரிதாக, அசிங்கமாகத் தெரிந்தாலும் மெஷின் ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது.

புதிய டிரைவரை எங்கிருந்து எடுப்பது? லேப்டாப் என்றால் அதன் அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள லேப்டாப்பில் இன்டெல் டிரைவரை முதலில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிறகு என்விடியாவைப் போடுவது பாதுகாப்பு. 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் இலவசச் சரக்குகளை நம்பாதீர்கள். அவை ஏற்றும் டிரைவரே அடுத்த உறைவுக்குக் காரணமாகலாம்.

அடுத்து ஆன்டிவைரஸ். சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை ஓடாது, அதனால் கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கப் பார்த்தால் பல ஆன்டிவைரஸ்கள் எர்ரர் காட்டி நின்றுவிடும். அந்தந்தக் கம்பெனி வெளியிட்டுள்ள தனி 'ரிமூவல் டூல்' வைத்துத்தான் எடுக்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அதன்பின் தானே காவலுக்கு வந்துவிடும்.

குற்றவாளி இந்த இரண்டும் இல்லையென்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் டிக்கை முதலில் போடுங்கள். இதை மறந்தால் விண்டோஸின் சொந்தச் சேவைகளையே அணைத்துவிடுவீர்கள். மிச்சமிருப்பவை அனைத்தையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏறினால், பாதியை மட்டும் இயக்கிப் பாருங்கள். உறைந்தால் அந்தப் பாதியில், உறையாவிட்டால் மறு பாதியில். முப்பது சேவைகள் இருந்தாலும் ஐந்தாறு ரீஸ்டார்ட்டில் ஆள் அகப்படும்.

சில உறைவுகளுக்கு உங்கள் பக்கம் தவறே கிடையாது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 எஸ்எஸ்டிகளின் 2 டிபி மாடல்கள் நீலத்திரை காட்டின. தனி மெமரி இல்லாத இந்த எஸ்எஸ்டிகள் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குபவை. முன்பு 64 எம்பி கொடுத்த விண்டோஸ், புதிய பதிப்பில் 200 எம்பி கொடுத்ததை அவற்றின் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதிந்த மென்பொருள்) தாங்கவில்லை. ஃபர்ம்வேர் அப்டேட் போட்டதும் தீர்ந்தது. சென்ஸ்ஷீல்டு கம்பெனியின் ஸ்ப்ராடெக்ட் என்ற என்கிரிப்ஷன் டிரைவர் இருந்த மெஷின்களும் 24ஹெச்2-இல் உறைந்ததால் மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கு அப்கிரேடையே நிறுத்திவைத்தது. தானாக அப்கிரேடு வரவில்லை என்று ஐஎஸ்ஓ ஃபைலை (முழு விண்டோஸும் அடங்கிய ஒற்றை ஃபைல்) வைத்து வலிந்து ஏற்றியவர்கள் இந்தத் தடையைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொள்வது இப்படித்தான். ஆகவே வேறெதுவும் பலிக்காதபோது எஸ்எஸ்டி ஃபர்ம்வேர், பயாஸ் இரண்டுக்கும் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நேர விரயம் இல்லை.

சேஃப் மோடிலும் உறைந்தால்

இப்போது டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். அப்கிரேடு என்பது முழு விண்டோஸையும் புதிதாக எழுதி, பழையதை 'விண்டோஸ் ஓல்டு' என்று ஓரமாக வைக்கும் வேலை. இத்தனை காலம் தொடாமலே கிடந்த இடங்களில் பல ஜிபி எழுதப்படும். அங்கே பழுது இருந்தால் இப்போதுதான் வெளியே வரும். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு மெஷினில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளுக்கும் எதிரே, 'ரா வேல்யூஸ்' பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் ஃபைல்களை எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள், ரிப்பேர் முயற்சி எதுவும் வேண்டாம். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, அதை இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டிருக்கும். டெஸ்க்டாப் என்றால் சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

டிஸ்க் சுத்தமாக இருந்தால் விண்டோஸ் ஃபைல்கள் சிதைந்திருக்கலாம். உள்ளே போக முடிகிற மெஷினில், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டுங்கள்: எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ். சரிசெய்ய முடியாத ஃபைல் இருப்பதாகச் சொன்னால் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவைத் திறந்து, அதிலுள்ள செட்டப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டி, 'ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்து ஓட்டினால் இந்தத் தேர்வு கிடைக்காது.

பின்வாங்குவது

அப்கிரேடு முடிந்து 10 நாளுக்குள் என்றால் ரெக்கவரி திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' போய் 'ஃபீச்சர் அப்டேட்'டை நீக்கினால் விண்டோஸ் 10 உங்கள் ஆப்களோடு திரும்பி வரும். 10 நாள் தாண்டினால் விண்டோஸ் ஓல்டு தானாக அழிந்துவிடும், வழி மூடப்படும். டிஸ்க் க்ளீனப் ஓட்டி இடம் காலி செய்பவர்கள் இந்த ஃபோல்டரை முதல் நாளே அழித்துவிடுவதுண்டு; மெஷின் நிலையாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 10-க்கே திரும்பியவர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். வீட்டுப் பயனாளர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும்.