பால் கேனில் பனிக்கால விதைப்பு: எங்கே தவறுகிறது?

ஜனவரியில் விதைத்து முற்றத்தில் வைத்த கேனில் மே வந்தும் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், பழி குளிர்மேல்தான் விழுகிறது. குளிர் தாங்கும் செடியின் விதை, மைனஸ் 20 டிகிரியிலும் ஈரமண்ணோடு உறைந்து பேசாமல் கிடக்கும். அதைக் கொல்வது வடியாத தண்ணீரும், காய்ந்துபோன மண்ணும், ஏப்ரல் மாத வெயிலும்தான்.

நியூயார்க் லாங் ஐலண்டைச் சேர்ந்த ட்ரூடி டேவிடாஃப் பரப்பிய முறை இது. கழித்துப் போடும் பிளாஸ்டிக் கேனைச் சிறு பசுமைக்குடிலாக்கி, விதையைப் பனிக்கும் மழைக்கும் விட்டுவிடுவதுதான் சூத்திரம். பனி உறைந்து உறைந்து இளகும்போது விதையின் தடித்த தோல் நெகிழும். முளைக்குமுன் பல செடிகளின் விதைக்கு வேண்டிய குளிர் உறக்கமும் தீரும். இங்கே சொல்லும் தேதிகள் டொராண்டோ சுற்றுவட்டத்துக்கு. அங்கே கடைசி உறைபனி சராசரியாக மே முதல் பாதியோடு ஓயும். வினிபெக், எட்மண்டன் போன்ற ஊர்களில் வசந்தகால வேலைகளை இரண்டு வாரமாவது தள்ளிப் போடுங்கள்.

அமெரிக்கக் குறிப்புகள் எல்லாம் ஒரு கேலன் பால் கேனையே சொல்கின்றன. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பால் பெரும்பாலும் பையில் வருகிறது. அதனால் கையில் கிடைத்த டப்பாவை எடுக்கிறார்கள். முதல் சறுக்கல் இங்கேதான். தயிர் டப்பா வெளிச்சத்தை விடாது. முட்டை அட்டையில் மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். 4 லிட்டர் தண்ணீர் கேன்தான் நல்லது. மண்ணுக்கு 8 முதல் 10 செ.மீ. ஆழம், அதற்குமேல் நாற்று நிமிர இன்னொரு 10 செ.மீ. இருக்க வேண்டும். சாலட் பெட்டி அவ்வளவு உயரம் இராது. லெட்டூஸுக்குப் போதும், மற்றதற்கு வேண்டாம்.

கேனை அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் சுற்றி வெட்டுங்கள். கைப்பிடிப் பக்கம் மட்டும் 4 செ.மீ. வெட்டாமல் விட்டால் அது கீலாக நிற்கும். ஊசியால் குத்திய துளைகள் மண்ணால் அடைந்துபோகும். 6 மி.மீ. அகலத்தில் அடியில் எட்டுத் துளையாவது வேண்டும். அதோடு பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நான்கு துளை போடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த நான்கைத்தான். பிப்ரவரியில் மேல்பனி இளகும்போது கேனின் அடி இன்னும் தரையோடு ஒட்டி உறைந்திருக்கும். அடித்துளைகள் வேலை செய்யாது. பக்கத் துளை இல்லையென்றால் விதை குளத்தில் மூழ்கி அழுகும். விதைத்து முடித்ததும் வெட்டிய இடத்தை டக்ட் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மேல்மூடியைத் திரும்பப் போடாதீர்கள்: மழையும் பனியும் உள்ளே வருவதும், வெப்பம் வெளியே போவதும் அந்த வாய் வழியாகத்தான்.

தோட்டத்து மண் கேனுக்குள் களியாக இறுகிவிடும், களை விதையும் கூடவே வரும். கடையில் விற்கும் சாதாரண பொட்டிங் மிக்ஸ் (தொட்டிக்கான மண்கலவை) போதும். ஈரம் பிடித்து வைக்கும் ஜெல் கலந்ததை வாங்க வேண்டாம். கலவையைக் கேனில் போடுமுன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். அதில் இருக்கும் பீட் (மக்கிய பாசி) உலர்ந்திருந்தால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றினால் ஓரமாக ஓடி வடிந்துவிடும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும், அதுதான் பதம். உலர்ந்த மண்ணில் விதை எத்தனை வாரம் குளிரில் கிடந்தாலும் அந்த உறக்கம் தீராது. குளிரோடு ஈரமும் சேர வேண்டும்.

எல்லா விதையும் இந்த முறைக்கு ஆகாது. நம் வீடுகளில் அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். வெண்டி, கத்தரி, பாகல், புடலை, மிளகாய் எல்லாம் சூடான மண்ணைக் கேட்பவை. குளிர்ந்த ஈரமண்ணில் வெண்டி விதை ஊறி அழுகும். மிளகாயையும் கத்தரியையும் மார்ச்சில் வீட்டுக்குள்ளேயே முளைக்க விடுங்கள். தக்காளி ஏப்ரல் தொடக்கத்தில் கேனில் போட்டால் வரும்; ஆனால் முளைத்தபின் உறைபனி இரவுகளில் மூட வேண்டும். கேனில் நம்பிப் போடக்கூடியவை கேல், முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, லெட்டூஸ், கொத்தமல்லி. பூக்களில் லூபின், கோன்ஃப்ளவர், மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் மில்க்வீட்.

அவசரப்பட்டு நவம்பரில் விதைத்தால், டிசம்பரில் வரும் ஒரு வெப்பமான வாரம் லெட்டூஸை முளைக்க வைத்து அடுத்த வாரமே கொன்றுவிடும். மில்க்வீடுக்குக் குறைந்தது 30 நாள் ஈரக்குளிர் வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் போட்டுவிடுங்கள். கோஸ் வகைகளுக்கும் கொத்தமல்லிக்கும் மார்ச் போதும். ஒரு கேனுக்கு 16 முதல் 20 விதை. கூடினால் நாற்றுகள் நெருக்கி மெலியும். லெட்டூஸ், பாப்பி விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும். மண் போட்டு மூடாமல் விரலால் அழுத்தி விடுங்கள். பெயரை மார்க்கரால் வெளியே எழுதினால் ஏப்ரலுக்குள் வெயிலில் வெளுத்துவிடும். பழைய தயிர் டப்பாவில் ஒரு பட்டை வெட்டி, பென்சிலால் எழுதி மண்ணுக்குள் செருகுங்கள்.

கேனைக் கராஜிலோ கூரை போட்ட போர்ச்சிலோ வைத்தால் பனியும் மழையும் எட்டாது, மண் காய்ந்துபோகும். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரமும் வேண்டாம், பிப்ரவரிப் பகலிலேயே சூடேறும். காலை வெயில் விழும் திறந்த இடம் சரி. கைப்பிடிகளில் ஒரே கயிற்றைக் கோத்துக் கட்டினால் காற்று உருட்டாது.

கவனம் முழுக்க வேண்டியது முளை வந்தபின். வெளியே 10 டிகிரிதான் என்று நினைப்போம். நல்ல வெயிலில் மூடிய கேனுக்குள் 30 டிகிரியைத் தாண்டிவிடும், மதியத்துக்குள் நாற்று துவண்டுவிடும். பகல் 10 டிகிரியைத் தாண்டும் நாட்களில் காலையில் டேப்பை எடுத்துத் திறந்து வையுங்கள், மாலையில் மூடுங்கள். மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் மேலே பழைய போர்வை ஒன்று போடுங்கள். காலையில் கேனின் உட்சுவரில் நீர்த்துளி கோக்கவில்லை என்றால், தூக்கிப் பார்த்து எடை குறைந்திருந்தால், தண்ணீர் வேண்டும். ஹோஸால் மேலிருந்து அடிக்காதீர்கள், பிஞ்சு நாற்று சாய்ந்துவிடும். 3 செ.மீ. தண்ணீர் நிற்கும் தட்டில் அரைமணி நேரம் வையுங்கள், மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

விதையிலைக்குப் பின் முதல் இரண்டு சோடி உண்மை இலை வந்ததும் நடலாம். இந்த நாற்று வெளியிலேயே வளர்ந்தது. தனியாக வெயிலுக்குப் பழக்க வேண்டியதில்லை. கேல் ஏப்ரல் கடைசியில் தரைக்குப் போகலாம், தக்காளிக்கு மே 25-க்கு முந்தைய திங்களில் வரும் விக்டோரியா டே கழியட்டும். கொத்தமல்லியின் ஆணிவேர் அறுபட்டால் அது உடனே பூவுக்கு ஓடும், ஆகவே பிரிக்காமல் மண்கட்டியோடு நடுங்கள்.

முளைக்காத கேனை மே தொடக்கத்திலேயே கவிழ்த்துக் கொட்டிவிடுவதும் தவறு. மில்க்வீட் மண் சூடேறும்வரை காத்திருக்கும். ஜூன்வரை ஈரம் விடாமல் பாருங்கள். ஒன்டாரியோவின் மாகாணப் பூவான ட்ரில்லியத்தைப் போட்டவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். முதல் குளிருக்குப் பின் அது வேர் மட்டும் விடும், இலை வருவது இரண்டாம் குளிருக்குப் பின்தான். கோடை முழுக்க அந்தக் கேனை நிழலில், வெட்டிய மேல்பாதியைத் திறந்து, ஈரமாக வைத்திருங்கள்.